ஆட்டுக்கால் முதல் திமிங்கலம் வரை: அமைப்பு ஒத்த உறுப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு உயிரியலில் "அமைப்பு ஒத்த உறுப்புகள்" என்ற பகுதி அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். மனிதக் கை, வௌவால் சிறகு, திமிங்கலத் துடுப்பு, குதிரைக்கால் என்று வரிசையாக ஒரு படம் இருக்கும். மாணவர்கள் வரையறையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்தப் படம் எவ்வளவு பெரிய செய்தியைச் சொல்கிறது என்பது பெரும்பாலும் அவர்களைச் சென்று சேர்வதில்லை. பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். வகுப்பிலும் வெளியிலும் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளையும், என்னால் இயன்ற பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

அமைப்பு ஒத்த உறுப்பு என்றால் என்ன?

இரண்டு விலங்குகளின் உறுப்புகள் பார்வைக்கு வேறாக இருக்கலாம், செய்யும் வேலையும் வேறாக இருக்கலாம். ஆனாலும் இரண்டும் ஒரே மூதாதையிடம் இருந்த ஒரே உறுப்பிலிருந்து வழிவழியாக வந்தவை என்றால், அவை அமைப்பு ஒத்த உறுப்புகள். நம் கை எழுதுகிறது, வௌவாலின் கை பறக்கிறது, திமிங்கலத்தின் கை நீந்துகிறது. தோலையும் சதையையும் விலக்கிப் பார்த்தால் மூன்றிலும் ஒரே வரிசைதான்: தோளிலிருந்து ஓர் எலும்பு, அடுத்து இரண்டு எலும்புகள், அதற்கடுத்து மணிக்கட்டின் சில்லெலும்புகள், கடைசியில் விரல்கள்.

எலும்பின் நீளமும் பருமனும் மாறும். எந்த எலும்புக்கு அடுத்து எந்த எலும்பு என்ற வரிசை மட்டும் எளிதில் மாறாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

படத்தில் பார்த்தது போதும், நேரில் பார்க்க முடியுமா?

உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். கோழிக்கடையில் இறக்கையை நுனி வெட்டாமல் தரச் சொல்லுங்கள். சதை கழன்று வரும்வரை வேகவைத்து, ஆறியதும் எலும்புகளைப் பிரித்து ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். தோள் பக்கத்துத் துண்டில் ஒரே எலும்பு இருக்கும். நடுத்துண்டில் இரண்டு, ஒன்று பருமனாகவும் மற்றது மெலிந்தும். இப்போது உங்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே அழுத்திப் பாருங்கள், அங்கும் இரண்டு. இறக்கை நுனியில், இரண்டு எலும்புகள் இரு முனையிலும் ஒட்டிக்கொண்டு நடுவே இடைவெளி விட்டு நிற்கும். அது கோழியின் உள்ளங்கை. அதன் தொடக்கத்தில் பக்கவாட்டில் சின்னதாக ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கத்தியால் கிளறினால் அதற்கென்று தனி எலும்பு இருப்பது தெரியும். அது தனி விரல்.

அடுத்து, கால் துண்டைச் சாப்பிடும்போது பருமனான எலும்பை ஒட்டி, ஊசிபோல ஒரு மெல்லிய எலும்பு பல்லில் தட்டுப்படும். கீழே போகப்போகத் தேய்ந்து நின்றுவிடும். நம் முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு எதுவோ, அதுதான் இது. எத்தனையோ முறை தட்டின் ஓரத்தில் ஒதுக்கியிருப்போம். அடுத்த முறை ஒரு நொடி கையில் எடுத்துப் பாருங்கள்.

ஆட்டுக்கு விரலே இல்லையே, அதன் கால் எப்படி நம் கையோடு ஒக்கும்?

விரல் இருக்கிறது. ஆடு விரல்நுனியில்தான் நிற்கிறது, குளம்பு என்பது அதன் நகம். நாம் ஆட்டின் முன்னங்காலில் "முட்டி" என்று சொல்லும் இடம் உண்மையில் அதன் மணிக்கட்டு. உண்மையான முழங்கை மேலே, நெஞ்சோடு ஒட்டிய சதைக்குள் மறைந்திருக்கிறது. பின்னங்காலில் பின்பக்கமாக முட்டிபோல் மடங்குகிறதே, அது குதிகால்.

பாயாவுக்கு வாங்கும் காலில் நீண்ட எலும்பு ஒன்று இருக்கும். அதை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடும். கீழ்முனையில் அந்த எலும்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு கப்பிகளைப் போல நிற்கும். உள்ளங்கையின் மூன்றாவது, நான்காவது எலும்புகள் கருவில் தனித்தனியே தோன்றி, பிறகு ஒட்டி ஒன்றானவை. அந்தப் பள்ளம் ஒட்டின இடத்தின் தடம். குளம்புக்குச் சற்று மேலே பின்புறம் தரையைத் தொடாமல் இரண்டு சின்னக் குளம்புகள் தொங்குகின்றனவே, அவை இரண்டாவது, ஐந்தாவது விரல்களின் மிச்சம். கட்டைவிரல் மட்டும் முற்றிலும் போய்விட்டது. குதிரை இன்னும் ஒரு படி போய், நடுவிரல் ஒன்றிலேயே நிற்கிறது.

பறவைச் சிறகும் வௌவால் சிறகும் அமைப்பு ஒத்தவையா, செயல் ஒத்தவையா?

தேர்வில் பலரையும் தடுமாற வைக்கும் கேள்வி. ஒரே வேலையைச் செய்தாலும் ஒரே மூதாதை உறுப்பிலிருந்து வராதவையே செயல் ஒத்தவை. இரண்டு பதிலும் சரி, எதை ஒப்பிடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். முன்னங்கால் என்ற அளவில் இரண்டும் அமைப்பு ஒத்தவை, ஏனென்றால் இரண்டின் பொது மூதாதைக்கும் அந்த எலும்பு வரிசை இருந்தது. சிறகு என்ற அளவில் செயல் ஒத்தவை, ஏனென்றால் அந்த மூதாதை பறக்கவில்லை. பறத்தல் இரு வழியிலும் தனித்தனியே வந்தது. அதனால்தான் கட்டுமானம் வேறு. வௌவால் நான்கு விரல்களை நீட்டி அவற்றுக்கிடையே தோலை விரித்திருக்கிறது. பறவை விரல்களைக் குறுக்கி ஒட்டவைத்து, இறகுகளால் பரப்பைப் பெற்றிருக்கிறது. டைனோசர் காலத்தில் பறந்த டெரோசார்கள் நான்காவது விரல் ஒன்றை மட்டும் நம்பவே முடியாத அளவுக்கு நீட்டி அதில் தோலைக் கட்டியிருந்தன. வண்ணத்துப்பூச்சியின் சிறகில் எலும்பே கிடையாது. அது செயலில் மட்டும் ஒத்தது.

இதை முதலில் கண்டவர் டார்வினா?

இல்லை. 1555-லேயே பியர் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர் மனித எலும்புக்கூட்டையும் பறவையின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, எலும்புக்கு எலும்பு ஒரே எழுத்தால் குறித்துக் காட்டிவிட்டார். 1843-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன் இதற்குத் தெளிவான வரையறை தந்தார்: வடிவமும் பணியும் எப்படி மாறினாலும், வெவ்வேறு விலங்குகளில் இருக்கும் அதே உறுப்பு. ஏன் அதே உறுப்பு என்று கேட்டால், எல்லா முதுகெலும்பிகளுக்கும் அடிப்படையாக ஒரு மூல வடிவம் இருப்பதாக ஓவன் நம்பினார். 1859-இல் டார்வின் அந்த மூல வடிவத்தின் இடத்தில் ஓர் உண்மையான மூதாதையை வைத்தார். காட்சி பழையது, விளக்கம்தான் புதியது.

ஒத்திருப்பதால் உறவு என்கிறீர்கள், உறவு இருப்பதால் ஒத்திருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். இது சுற்றி வளைத்த வாதம் இல்லையா?

நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. ஓர் உறுப்பை மட்டும் வைத்து உறவையும் ஒப்புமையையும் முடிவு செய்தால் அது சுற்று வாதமேதான். ஒன்றையொன்று அறியாத சாட்சிகள் பல, தனித்தனியே வந்து ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திமிங்கலத்தின் கதையை எடுத்துக்கொள்வோம்.

திமிங்கலம் பாலூட்டி, நிலத்தில் வாழ்ந்த விலங்கின் வழிவந்தது என்பதில் ஐயம் இல்லை. எந்த நிலவிலங்கு என்பதில்தான் வழக்கு. பற்களை ஒப்பிட்டவர்கள், அழிந்துபோன மெசோனிக்கிட் என்ற ஊனுண்ணிக் கூட்டத்தைக் காட்டினார்கள். 1997-இல் ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று மரபணுத் தொடரில் வேறொரு தடயத்தைக் காட்டியது. மரபணுத் தொடருக்குள் சில துணுக்குகள் எங்கோ ஓரிடத்தில் தம்மைப் படியெடுத்துச் செருகிக்கொள்ளும், பிறகு அங்கேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். அதே துணுக்கு அதே இடத்தில் இரண்டு விலங்குகளில் இருந்தால், அது பொது மூதாதையிடமிருந்து வந்தது என்றே கொள்ளலாம். திமிங்கலமும், நீர்யானை, மாடு போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளும் அப்படிப்பட்ட செருகல்களைப் பகிர்ந்துகொண்டிருந்தன. எலும்பு ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கத் தயங்கினார்கள்.

இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கு ஓர் அடையாள முத்திரை உண்டு. பின்னங்காலின் கணுவில் இருக்கும் ஒரு சிறு எலும்பு. மற்ற விலங்குகளில் அதன் மேல்முனையில் மட்டும் கப்பி போன்ற வளைவு இருக்கும், ஆடு, மாடு, பன்றி, மான், ஒட்டகம், நீர்யானை ஆகியவற்றிலோ மேலும் கீழும் இரண்டு கப்பிகள். பழங்காலக் கிரேக்கத்தில் தாயக்கட்டைபோல உருட்டி விளையாடியது இதே எலும்பைத்தான். இன்றைய திமிங்கலத்துக்குப் பின்னங்காலே இல்லை. ஆகவே கால் இருந்த காலத்துத் திமிங்கலத்தின் கணு கிடைத்தால்தான் வழக்கு தீரும் என்ற நிலை.

கிடைத்தது. 2001-இல் இரண்டு குழுக்கள் பாகிஸ்தானில் கண்ட பழைய திமிங்கலங்களை வெளியிட்டன. பிலிப் கிஞ்செரிச்சின் குழு கண்ட ஆர்ட்டியோசீட்டசிலும் ஹான்ஸ் தெவிசனின் குழு கண்ட பாகிசீட்டசிலும் இருந்தது இரட்டைக் கப்பி. கிஞ்செரிச் அதுவரை மெசோனிக்கிட் கருத்தை ஆதரித்தவர். கையில் கிடைத்த எலும்பைப் பார்த்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த தருணங்களில் அது ஒன்று.

அடுத்த சாட்சி ஜம்மு-காஷ்மீரிலிருந்து வந்தது. காலாகோட் பகுதியில் ஏ. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே சேகரித்து வைத்திருந்த பாறைகள், அவர் மறைவுக்குப் பிறகு தெவிசனின் ஆய்வகத்துக்குச் சென்றன. பாறையைச் செதுக்கும்போது ஒரு மண்டையோட்டின் காதெலும்பு தற்செயலாக உடைந்தது. உள்ளே, திமிங்கலங்களுக்கே உரியது என்று கருதப்பட்ட தடித்த சுவர். இண்டோஹியஸ் என்ற அந்த விலங்கு ஏறக்குறைய 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, பூனையளவு, குளம்புள்ள மெல்லிய கால்கள், இரட்டைக் குளம்பு இனம். 2007-இல் அதை அறிவித்தார்கள். மரபணு, கணு, காது மூன்றும் தனித்தனியே ஒரே வீட்டைக் காட்டிவிட்ட பிறகு சுற்று வாதம் எங்கே?

உருவமே அடையாளம் தெரியாமல் மாறிப்போன உறுப்பு ஏதேனும் உண்டா?

உங்கள் காதுக்குள்ளேயே இருக்கிறது. நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று குட்டி எலும்புகள். ஒலியின் அதிர்வை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி உள்ளே கடத்துகின்றன. பல்லிக்கும் ஓணானுக்கும் நடுக்காதில் ஒரே எலும்புதான், அது நம் அங்கவடி. மற்ற இரண்டும் எங்கே? பல்லியின் தாடை மூட்டில்! கீழ்த்தாடையின் பின்முனை எலும்பும், அது வந்து மண்டையோட்டில் பொருந்தும் எலும்பும்தான் நமக்குச் சுத்தியும் பட்டடையும் ஆயின.

1837-இல் கார்ல் ரைக்கர்ட் என்ற ஜெர்மானியர் பன்றிக் கருக்களைப் படிப்படியாக ஆராய்ந்து இதைச் சொன்னார். கருவில் சுத்தி எலும்பு தாடைக் குருத்தெலும்பின் நுனியாகவே தோன்றி, பிறகு பிரிந்து காதுக்குள் ஒதுங்குகிறது. தாடை மூட்டே காதுக்குப் போய்விட்டால் அந்த விலங்கு இடைக்காலத்தில் எதை வைத்து மென்றது என்ற கேள்வி இயல்பாக எழும். அதற்குப் பதில் புதைபடிவத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மார்கனுகோடான் என்ற மூஞ்சூறு போன்ற சிறு விலங்குக்குப் பழைய மூட்டும் புதிய மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்றும், அமெரிக்காவின் ஓபோசம் போன்ற பைப்பாலூட்டிகளின் குட்டி பிறந்து சில காலம் பழைய மூட்டை வைத்தே பால் குடிக்கிறது.

இதை முதன்முதலில் படித்த நாளில் என் காதருகே விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்களும் செய்து பாருங்கள். தாடை மூட்டு காதுக்கு முன்னால் அவ்வளவு நெருக்கமாக அசையும்.

கருவில் மீனும் மனிதனும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்கிறார்களே?

கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1874-இல் வெளியிட்ட கரு ஓவியங்கள் ஒற்றுமையை மிகைப்படுத்தின. அவை பாடநூல்களில் நெடுங்காலம் தங்கிவிட்டது வருத்தத்துக்குரியது. நமக்குக் கருவில் செவுள் இருப்பதாகச் சொல்வதும் தவறு. மீன் கருவுக்கும் நம் கருவுக்கும் கழுத்துப் பகுதியில் ஒரே வகையான வளைவு மடிப்புகள் தோன்றுகின்றன, மீனில் அவற்றுள் சில செவுளாகின்றன, நமக்குத் தாடை, காதெலும்பு, குரல்வளைக் குருத்தெலும்புகள் என்று வளர்கின்றன. இந்த ஒற்றுமைக்கு மிகை தேவையில்லை.

எல்லாம் ஐந்து விரலில்தான் தொடங்கியதா?

நானும் அப்படித்தான் படித்தேன். கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டெகாவுக்கு முன்காலில் எட்டு விரல்கள், இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நான்குகாலிகள் இவை. விரல் எண்ணிக்கை ஐந்தாக நிலைபெற்றது பிறகுதான்.

அதற்கும் முன்னே போனால் மீன் துடுப்பு. அது காலாக மாறிய காலத்துப் பாறையைத் தேடினால் இடைப்பட்ட உயிர் கிடைக்கும் என்று கணக்கிட்டு, நீல் ஷூபின், டெட் டேஷ்லர் குழுவினர் கனடாவின் வடகோடித் தீவுகளில் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2004-இல் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் கிடைத்தது. வயது 37 கோடியே 50 லட்சம் ஆண்டுகள். செதிலும் துடுப்புக் கதிர்களும் மீனுடையவை. துடுப்புக்குள்ளோ ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, அடுத்து மணிக்கட்டு போன்ற சில்லெலும்புகள். இன்ன காலத்துப் பாறையில் இன்னதுபோல் ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தேடிக் கண்டது இது.

ஒரே படைப்பாளி ஒரே வடிவத்தைத் திரும்பப் பயன்படுத்தினார் என்று கொள்ளலாமே?

யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்த இதை எழுதவில்லை. உடலமைப்பு என்ன சொல்கிறது என்பதை மட்டும் வைக்கிறேன். நம் குரல்வளையை இயக்கும் இடப்பக்க நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்புகிறது. ஒட்டகச்சிவிங்கியிலும் அதே வழிதான், அத்தனை நீளக் கழுத்தில் இறங்கி மறுபடி அத்தனையும் ஏறுகிறது. கழுத்தில்லாத மீனில் அந்த நரம்பு தமனிக்குப் பின்னால் செவுளுக்கு நேர்வழியில் போனது. கழுத்து நீண்டபோது தமனி கீழே போக, நரம்பு மாட்டிக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் முள்ளெலும்புகளும் நம்மைப் போலவே ஏழுதான், ஒவ்வொன்றும் நீண்டிருக்கிறது, அவ்வளவே. தேவைக்காகப் புதிதாக வரைந்த வடிவத்தைவிட, கைக்கு வந்த பழையதை வைத்துச் சரிசெய்த வடிவமாகவே எனக்கு இவை தெரிகின்றன.

கணவாயின் கண்ணும் நம் கண்ணும் வில்லை, விழித்திரையோடு ஒரே வகைதான். ஆனால் நம் விழித்திரையில் நரம்புகள் முன்பக்கமாக ஓடி ஓரிடத்தில் துளைத்து வெளியேறுவதால் குருட்டுப்புள்ளி இருக்கிறது, கணவாய்க்கு அது இல்லை. நல்ல வடிவம் கையில் இருந்தும் முதுகெலும்பிகளில் ஒன்றுக்குக்கூட அது வரவில்லை. அது வேறு வம்சத்தின் சொத்து.

மரபணுக்கள் இதில் என்ன சொல்கின்றன?

1995-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் வால்டர் கேரிங்கின் குழு, சுண்டெலியின் கண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணுவைப் பழ ஈயின் காலிலும் சிறகிலும் செயல்பட வைத்தது. அங்கே கண்கள் முளைத்தன, எலிக்கண் அல்ல, ஈயின் கூட்டுக்கண். இரண்டு கண்களும் கட்டுமானத்தில் ஒத்தவை அல்ல, தொடங்கிவைக்கும் கட்டளை மட்டும் பொதுச் சொத்து. ஓவன் காலத்து வரையறைக்குள் இது அடங்காது.

பாம்புக்கு வருவோம். மலைப்பாம்பின் கழிவாய் அருகே இரண்டு சிறு முட்கள் உண்டு, பின்னங்காலின் மிச்சம் அவை. கால் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுச் சுவிட்ச் ஒன்று பாம்புகளில் பழுதாகியிருக்கிறது. 2016-இல் அந்தப் பாம்புச் சுவிட்சைச் சுண்டெலியில் பொருத்தியபோது கால்கள் வெறும் முண்டாக நின்றுவிட்டன. பழுதான சிறு பகுதியைத் திருத்திப் பொருத்தியதும் கால்கள் வளர்ந்தன.

எச்ச உறுப்பு என்றால் பயனற்ற உறுப்புதானே?

பழைய வேலையை இழந்தது, அவ்வளவே. குடல்வாலில் நோய் எதிர்ப்புத் திசு இருக்கிறது. திமிங்கலத்தின் சிறு இடுப்பெலும்பும் இனப்பெருக்க உறுப்புத் தசைகளைத் தாங்குகிறது. உங்கள் கையில் ஒன்றைப் பாருங்கள்: கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவே ஒரு தசைநாண் கயிறுபோல எழும்பும். சிலருக்கு ஒரு கையில் மட்டும் எழும்பும், சிலருக்கு இரண்டிலும் இல்லை. இல்லாதவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நம் கடலில் இதற்குச் சான்று உண்டா?

பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா என்ற கடற்பசு. கடற்புல் மேயும் இதன் நெருங்கிய உறவு திமிங்கலம் அல்ல, யானை. ஆவுளியாவின் மடிக்காம்பு முன்துடுப்பின் அக்குளில் இருக்கிறது, யானைக்கும் முன்னங்கால்களுக்கு இடையேதான். ஆண் ஆவுளியாவின் தந்தமும் யானைத் தந்தமும் மேல்தாடை வெட்டுப்பற்களே. அதன் துடுப்புக்குள் ஐந்து விரல்களின் எலும்புகள் முழுதாக இருக்கின்றன. 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இதற்கான காப்பகமாக அறிவித்தது.

அப்படியானால் மனிதன் குரங்கிலிருந்து வந்தவனா?

இன்றைய சிம்பன்சியிலிருந்து அல்ல. அதுவும் நாமும் பங்காளிகள். பிரிந்தது ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

இரட்டைக் கப்பி உள்ள அந்தக் கணு எலும்பை எப்படிப் பெறுவது?

ஆட்டுக்கறிக் கடையில் பின்னங்காலை மூட்டில் வெட்டாமல் வாங்குங்கள். தொடைக்குக் கீழுள்ள எலும்பும், பள்ளம் ஓடும் அந்த நீண்ட எலும்பும் சேரும் இடத்தில், நன்றாக வெந்த பிறகு அது தானே கழன்று வரும். கட்டைவிரல் நுனியளவுதான். சோடா உப்புப் போட்டு மறுபடி கொதிக்கவைத்து, வெயிலில் காயவையுங்கள். இரண்டு விரலுக்கிடையே பிடித்து மேல் வளைவை ஒரு முறை தடவுங்கள், திருப்பிக் கீழ் வளைவைத் தடவுங்கள். 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலோரம் நடந்த ஆர்ட்டியோசீட்டசின் கணுவிலும் இந்த இரண்டு வளைவுகளும் இருந்தன.